கொசுறாகப் போன சருகுமான்

ஒரு காட்டில் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. அந்த அணிக்கு ஒரு கெட்ட பழக்கம். தோற்பதென்றால் முதலிலேயே தோற்றுத் தொலைக்காது. கடைசி ஓவர் வரைக்கும் எல்லோரையும் நகம் கடிக்க வைத்துவிட்டுத்தான் தோற்கும். நகம் உள்ள பிராணிகள் கடித்துக்கொண்டன. குளம்பு உள்ளவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அந்தக் காட்டுக்குக் கீழைக்காடு என்று பெயர். ஓடைக்கு அந்தப் பக்கம் மேலைக்காடு. கோடையில் வற்றாத மடு இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. முன்பெல்லாம் அதற்காகக் கடித்துக் குதறிக்கொண்டார்கள். பிறகு நாகரிகம் வந்துவிட்டதால், பங்குனிக் கடைசியில் ஒரு மேட்ச் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. காய்ந்த விளாங்காய்தான் பந்து, பனைமட்டைதான் மட்டை, பக்கத்துக்குப் பத்து ஓவர். ஜெயித்த காட்டுக்குக் கோடை முழுக்க விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை மடு சொந்தம். தோற்ற காட்டுக்கு உச்சிக்குப் பிறகு. யாருக்கு எந்த முறை என்பதைக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர் அட்டை போட்டு அதில் எழுதி வைத்திருந்தார்கள்.

உச்சிக்குப் பிறகு அந்த மடுவில் கிடப்பதைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலைக்காட்டு யானைகள் குளித்து, எருமைகள் புரண்டு எழுந்து போயிருக்கும். அது தெளிவதற்குள் கீழைக்காட்டு யானைகளும் பன்றிகளும் உள்ளே இறங்கிவிடும். சின்னப் பிராணிகளின் முறை வரும்போது மடுவில் சேறுதான் மிச்சம்.

கீழைக்காட்டில் இருபத்து நாலு குடும்பங்கள். அதில் ஆகச் சின்னது பூவாத்தாவின் குடும்பம். பூவாத்தா ஒரு சருகுமான். நீங்கள் சருகுமானைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமில்லை. முயல் அளவுதான் இருக்கும், காய்ந்த இலைக்குள் போய் நின்றுவிட்டால் பக்கத்து இலைக்கே தெரியாது. ஆபத்து வந்தால் மற்ற மான்கள் ஓடும். சருகுமான் அப்படியே நிற்கும். அசையாமல் நிற்பது ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த வித்தை.

போன கோடை தொடங்கும்போது பூவாத்தாவுக்கு இரண்டு குட்டிகள். சேற்றைக் குடித்து வயிறு கெட்டு ஒன்று போய்விட்டது. அந்தத் துக்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மிச்சமிருந்த குட்டி மடுவில் வாயை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

"அம்மா, இதக் குடிக்கோணுமா, மெல்லோணுமா?"

பூவாத்தா, அடுத்த கோடையில் இந்தக் குட்டிக்கு எப்படியாவது தெளிந்த தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தவள்தான், அதற்குப் பிறகு வேறு எதையும் நினைக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மழைக்காலத்தில் மேட்ச் கிடையாது. மேட்ச் இல்லாதபோதுதான் ஒரு அணியின் நிர்வாகம் மும்முரமாக வேலை செய்யும். கீழைக்காட்டு அணிக்குத் தலைவர் கரடி நாச்சிமுத்து, செயலாளர் கீரி பொன்னுரங்கம். இருவரும் ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை. வேங்கை மரத்தடியில் உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள்.

"மூணு வருசமா நாம எங்க தோக்கறோம்?" என்றார் கரடி.

"கடைசி ஓவர்லைங்க," என்றது கீரி.

"மத்த ஒம்பது ஓவர்ல?"

"அதுல எல்லாம் நல்லாத்தான் ஆடறோமுங்க."

"அப்ப நம்ம ஆளுங்க சரியாத்தான் இருக்காங்க. கடைசி ஓவர் போடறதுக்கு மட்டும் ஒருத்தன் வேணும். ஒரே ஒருத்தன்."

இதுவரைக்கும் சரிதான். இந்த இடத்தில் கூட்டத்தை முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதுவரை கீழைக்காட்டுக்குக் கடைசி ஓவர் போட்டுக்கொண்டிருந்தது முள்ளம்பன்றி சடையப்பன். நல்ல பிராணிதான், முதல் ஓவரானாலும் ஏழாவது ஓவரானாலும் கூப்பிட்டால் வந்து போடுவான். கடைசி ஓவரில் மட்டும் பயத்தில் முள் சிலிர்த்துக்கொள்ளும். பந்து முள்ளில் குத்தி முதுகிலேயே நின்றுவிடும். மேலைக்காட்டில் இருந்ததோ கருமந்தி காளிங்கன். ஒன்பது ஓவரும் நிழலில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்பான். பத்தாவது ஓவருக்கு எழுந்து வந்து சோம்பல் முறிப்பான். எதிரில் மட்டை பிடித்து நிற்பவனின் காலடியைக் குறிவைத்து எறிவான். காலைத் தூக்குவதா மட்டையைத் தூக்குவதா என்று அவன் யோசிப்பதற்குள் குச்சி பறந்துவிடும்.

"அவனத் தூக்கோணும்," என்றார் கரடி.

அதற்குத் தரகர் வேண்டுமே. தரகர் வெள்ளிங்கிரி இருந்தார். அவர் ஒரு காங்கேயம் காளை. சமவெளியில் ஏழு தடவை சந்தையில் விற்கப்பட்டவர். எட்டாவது தடவை விற்கக் கொண்டுபோனபோது கயிற்றை அறுத்துக்கொண்டு மலையேறிவிட்டார். வரும்போது சந்தைத் தரகர் ஒருவரின் தோள் துண்டையும் வாயில் கவ்விக்கொண்டு வந்தார். மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பேரம் பேசமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பிடித்த விரல்தான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுக்கு மட்டும் தெரிந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. வெள்ளிங்கிரி விற்கப்பட்டு விற்கப்பட்டே வியாபாரம் கற்றவர்.

அதில் ஒரு சிக்கல். தரகருக்குக் கையில் ஐந்து விரல். காளைக்கு ஒரு காலில் இரண்டு குளம்பு. வெள்ளிங்கிரி துண்டுக்கடியில் எதை எப்படி அழுத்தினாலும் கணக்கு இரண்டு என்றுதான் வந்தது.

ஓடைக்கரையில் பேரம் நடந்தது. மேலைக்காட்டுத் தலைவர் காட்டெருமை ரங்கசாமியும் வந்திருந்தார். அவருக்கும் இரண்டே குளம்பு. அதனால் அவர் பக்கத்திலிருந்து தகராறே வரவில்லை. கரடிதான் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ரெண்டா? ஒரு மந்திக்கு நான் ரெண்டு பேரக் குடுக்கறதா?"

"ஒண்ணு மாத்துங்க. இன்னொண்ணு கொசுறுங்க," என்றார் வெள்ளிங்கிரி.

"கொசுறா?"

"கத்திரிக்கா வாங்கறப்ப கறிவேப்பிலை கைமாறுதில்லீங்களா? அதானுங்க இது. கொசுறு இல்லாத யாவாரம் வெளங்காதுங்க. சந்தை வழக்கம்."

கொசுறு கொடுக்க வேண்டியவன் விற்கிறவனாயிற்றே, வாங்குகிற நாம் எதற்குக் கொடுக்கிறோம் என்று கீரிக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. கேட்டால் சந்தை தெரியாத பயல் என்று நினைத்துவிடுவார்களே என்று மீசையை நீவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது. பாவம் வெள்ளிங்கிரியைக் குறை சொல்லக் கூடாது. சந்தையில் அவரே சரக்காக நின்றவர். யார் யாருக்குக் கொசுறு கொடுத்தார்கள் என்பதை அந்த நேரத்தில் யார்தான் கவனிப்பார்கள்?

ரங்கசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆறு பந்து போட்டுப்போட்டு அறுபது பழம் திங்கறவன். தாராளமாக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

மரங்கொத்தி படிவத்தை மூன்று படிகள் கொத்திக் கொடுத்தது. பெயர் நீக்கல் சான்று, தடையில்லாச் சான்று, இரண்டு சாட்சிகளின் கால்தடம். ஏழாவது பத்தியில் 'உடன் செல்வோர்: குடும்பம் முழுவதும். தண்ணீர் அட்டை புதிய காட்டுக்கு மாற்றப்படும்' என்று இருந்தது. கரடி படிக்காமல் கால்தடம் வைத்தார். இத்தனை பெரிய தலைவர் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தால் என்ன மரியாதை?

மாற்றாக முள்ளம்பன்றி சடையப்பன் குடும்பத்தோடு போனான். கொசுறாக ஒரு உடும்புக் குடும்பம் போனது. காளிங்கன் வந்தான். அவனுடைய ஒப்பந்தத்தில் ஒரே வரி: 'கடைசி ஓவர் மட்டும் போடுவேன், மற்ற ஓவர்களில் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது.'

கீழைக்காடே மத்தளம் கொட்டிக் கொண்டாடியது. மூன்றாம் நாள் கீரி பொன்னுரங்கம் கவலையோடு வந்தது.

"தலைவரே, காளிங்கனுக்குக் கை சுளுக்கிக்கிச்சுன்னா?"

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டார். காளிங்கனின் பெரியப்பா மகன் வந்தான். அவனும் கடைசி ஓவர்தான். இரண்டு குடும்பங்கள் போயின. அடுத்த வாரம், இருவருக்கும் ஒரே நாளில் சளி பிடித்தால் என்ன செய்வது என்று கீரி கேட்டது. மூன்றாவது மந்தி வந்தான். பிறகு கரடிக்கே ஒரு பயம் வந்தது: "மிச்ச மந்திங்க எல்லாம் எதிரி கையிலயல்ல இருக்குது!" அதன் பிறகு நிறுத்தவே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டால் அடுத்த காலையும் விடத்தான் தோன்றும்.

யானை போயிற்று. பன்றிகள் போயின. கடமான் போயிற்று. துண்டு வெளுத்துப் போகும் அளவுக்கு வெள்ளிங்கிரி அழுத்தினார்.

இதையெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். படிவம் கொத்துகிற மரத்தடியில் காய்ந்த இலைக்குள் பூவாத்தா நின்றிருந்தாள். அவள் அங்கே நிற்பது யாருக்கும் தெரியவில்லை. ஆறாவது பேரத்தின்போது அவள் கழுத்தை நீட்டி ஏழாவது பத்தியைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு கணக்குப் போட்டாள். மந்தி ஒன்றுக்குக் குடும்பம் இரண்டு. பேர் வெட்டப்பட்ட குடும்பம் மேலைக்காட்டு அட்டையில் சேரும். மேலைக்காடு ஜெயிக்கும். கீழைக்காடு தோற்கும் என்று மூன்று வருஷமாக அவளுக்குத் தெரியும். இந்த வருஷம் அது கரடியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

தை பிறக்கும்போது பத்து மந்திகள் வந்துவிட்டார்கள். பதினோராவது மந்திக்கு மாற்றாகக் காட்டுக்கோழியைக் கொடுப்பதாகப் பேச்சு. கொசுறுக்கு ஆள் இல்லை. பூவாத்தா வெள்ளிங்கிரியிடம் போனாள்.

"தரகருங்க, என்னையக் கொசுறாச் சேத்துவுடுங்."

வெள்ளிங்கிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "அம்மிணி, நீயா? உன்னையக் கொசுறுன்னு சொன்னாக் கொசுறே கோவிச்சுக்குமே."

"எம் புள்ளைக்குத் தண்ணி வேணுமுங்க," என்றாள் பூவாத்தா.

ஏழு தடவை கைமாறியவருக்கு அந்தக் குரல் புரிந்தது. ஓடைக்கரையில் துண்டை விரித்தார்.

"கொசுறு எங்க?" என்றார் காட்டெருமை ரங்கசாமி.

"அதா நிக்குதுங்களே," என்றார் கரடி.

"எங்க?"

"அந்த எலைக்குப் பக்கத்துலைங்க."

ரங்கசாமி குனிந்து, மூச்சு வாங்கி, இன்னும் குனிந்து பார்த்தார். "எனக்கு எலை மட்டுந்தான் தெரியுது."

"கொசுறுன்னா அப்படித்தானுங்க," என்றார் வெள்ளிங்கிரி. "கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அது சரக்காச்சே."

பூவாத்தாவும் குட்டியும் ஓடையைத் தாண்டினார்கள். கீழைக்காட்டில் கரடியும் கீரியும் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்கு நிறைவாக இருந்தது. கடைசி ஓவர் போட இப்போது பதினொரு பேர்.

பங்குனி வந்தது. மரங்கள் இலையுதிர்த்து ஆடுகளம் முழுக்கச் சருகாகக் கிடந்தது. அம்பயர் ஆமை அங்கமுத்து. எந்தக் காட்டையும் சேராதவர், மடுவுக்குள்ளேயே குடியிருப்பவர். கீழைக்காடு டாஸ் ஜெயித்தது. கரடி பெருமையாக, "மட்டை பிடிக்கறோம்!" என்றார்.

யார் பிடிப்பது? பதினொரு மந்திகளும் பிறந்ததிலிருந்து எறிந்தே பழகியவர்கள். முதல் மந்தியிடம் பனைமட்டையைக் கொடுத்தார்கள். பந்து வந்ததும் அவன் மட்டையை எறிந்தான். இரண்டாவது மந்தியும் எறிந்தான். மேலைக்காட்டுக்காகப் பந்து போட்டது யார் தெரியுமா? வேண்டாம் என்று தள்ளிவிட்ட அதே சடையப்பன்தான். கடைசி ஓவர் இல்லை என்பதால் முள் சிலிர்க்கவில்லை. ஒருவன் மட்டும் மட்டையை எறிந்துவிட்டு ஓடும்போது பந்து அவன் நீள வாலில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. அங்கமுத்து நாலு ரன் கொடுத்தார். அந்த நாலோடு எல்லோரும் அவுட்.

கரடி கலங்கவில்லை. "நம்ம பலமே இனிமேத்தான்," என்றார்.

மேலைக்காட்டுக்கு ஐந்து ரன் வேண்டும். ரங்கசாமி கொட்டாவி விட்டார். "அஞ்சு ரன்னுக்கெல்லாம் பெரிய ஆளுக எதுக்கு? அந்தக் கொசுற அனுப்புங்கப்பா." பூவாத்தா தன்னைவிட இரண்டு மடங்கு நீளமான பனைமட்டையை இழுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய பழைய காட்டுக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். குட்டி மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதல் ஓவர் போடறவங்க வரலாம்," என்றார் அங்கமுத்து.

யாரும் வரவில்லை.

"காளிங்கா, போடு சாமி," என்றார் கரடி.

காளிங்கன் அத்திப்பழத்தைக் கடித்துக்கொண்டே, "இது முதல் ஓவருங்களே," என்றான். கரடி அடுத்தவனைப் பார்த்தார். அடுத்தவன் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான். பதினோராவது மந்தி வரைக்கும் எல்லோரும் அதே வரியைக் காட்டினார்கள். பத்து எண்ணுவதற்குள் பந்து போடாவிட்டால் கீழைக்காடு தோற்றதாக அறிவிப்பேன் என்று சொல்லி அங்கமுத்து எண்ணத் தொடங்கினார். நல்லவேளையாக எண்ணியது ஆமை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கீரிக்கு ஒரு யோசனை உதித்தது.

"நாம எடுத்தது நாலு. அவங்களுக்கு வேண்டியது அஞ்சு. இந்த ஓவர்லயே ஆட்டம் முடிஞ்சு போயிருமுங்க. ஆட்டம் முடியற ஓவர்தானே கடைசி ஓவர்? அப்ப இதுவே கடைசி ஓவருங்க!"

தன் காடு முதல் ஓவரிலேயே தோற்றுவிடும் என்று சொல்லித்தான் தன் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்பது அந்தக் கீரிக்கு உறைக்கவே இல்லை. கரடிக்கும் உறைக்கவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டார். மந்திகளுக்குள் உடனே அடிதடி ஆரம்பமானது. கடைசி ஓவர் என்றால் எனக்குத்தான், உனக்கில்லை என்று வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அங்கமுத்து ஒன்பது எண்ணும்போது காளிங்கன் எல்லோரையும் உதறிவிட்டுப் பந்தோடு ஓடி வந்தான்.

ஓடி வந்தவன் பாதியில் நின்றான்.

"ஆடறவங்க எங்க?"

"நிக்கறாங்க," என்றார் அங்கமுத்து.

"எங்க?"

"என்ற கண்ணுக்குத் தெரியறாங்க. நீ போடு." அங்கமுத்துவின் கண் தரைக்குப் பக்கத்தில் இருந்ததால் அவருக்குத் தெரிந்தது.

பூவாத்தா மட்டையைத் தூக்கவில்லை. தூக்க அவளால் முடியாது. மட்டையைச் சருகில் கிடத்திவிட்டு, அதன் பக்கத்தில், தன் பாட்டனும் பூட்டனும் புலி வந்தபோது நின்றதுபோல அசையாமல் நின்றாள்.

காளிங்கனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எதிரில் நிற்பவன் காலைப் பார்த்து எறிவது. இங்கே கால் தெரியவில்லை. இருந்த இடமெல்லாம் சருகு. அவன் ஒரு சருகைக் கால் என்று நினைத்து எறிந்தான். பந்து நாலு முழம் தள்ளிப் போனது.

"வைட்," என்றார் அங்கமுத்து. ஒரு ரன்.

இரண்டாவது பந்தை இன்னொரு சருகின் மேல் போட்டான். வைட். மூன்றாவதும் வைட்.

"குச்சியப் பாத்துப் போடுடா!" என்று கரடி கத்தினார். "குச்சி தெரியுதில்ல?"

"குச்சியப் பாத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லீங்க," என்றான் காளிங்கன். "அது ஒப்பந்தத்துலயும் இல்லீங்க."

நாலாவதும் வைட். ஐந்தாவது பந்து கரடியின் மூக்குக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அங்கமுத்து மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார். மேலைக்காடு ஜெயித்தது.

காளிங்கன் கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு கரடியிடம் வந்தான். "சொன்ன மாதிரி ஆட்டத்த முடிச்சுக் குடுத்துட்டேனுங்க," என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனான்.

இந்த இடத்தில் நான், 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டுப் போவேன் என்று நினைத்திருப்பீர்கள். மற்ற கதைக்காரர்கள் முடித்திருப்பார்கள். எனக்குப் பூவாத்தாவின் குட்டி தண்ணீர் குடித்ததா இல்லையா என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை.

அன்று சாயங்காலமே பாராட்டு விழா. பூவாத்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்குள் அவள் மறைந்துவிட்டாள். ரங்கசாமி அரை மணி நேரம் பேசினார். மேலைக்காட்டு எருமைகளின் உழைப்பால் கிடைத்த வெற்றி என்றார்.

மறுநாள் விடிந்ததும் பூவாத்தா குட்டியைக் கூட்டிக்கொண்டு மடுவுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது. மேலைக்காட்டு யானைகள், எருமைகள். அவற்றுக்குப் பின்னால் கீழைக்காட்டிலிருந்து போன யானைகள், பன்றிகள், கடமான்கள். இரண்டு காட்டின் கூட்டமும் இப்போது ஒரே அட்டையில்! வரிசை உடம்பின் அளவுப்படி என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. பூவாத்தா தன் அட்டையை நீட்டினாள்.

டோக்கன் கொடுத்த மரங்கொத்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "பேருக்கு நேரா 'கொசுறு'ன்னு போட்டிருக்குதுங்களே. கடைசில நில்லுங்."

"நேத்து ஜெயிச்சது நாந்தானுங்க," என்றாள் பூவாத்தா.

"அது மேட்ச்சுங்க. இது வரிசை."

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் அவள் முறை வந்தது. இரண்டு காட்டு யானைகளும் இறங்கி ஏறிய மடு. போன வருஷச் சேறே தேவலாம் போல இருந்தது. குட்டி வாயை வைத்துவிட்டு நிமிர்ந்தது.

"அம்மா, இந்தக் காட்டுலயும் மெல்லோணுமா?"

பூவாத்தா அழுதேவிட்டாள். அதைத் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த ஆமை அங்கமுத்து மெல்ல நீந்தி வந்தார்.

"அழுவாத அம்மிணி. சாயங்காலம் வந்து பாரு."

"சாயங்காலம் எங்க முறை இல்லீங்களே."

"பாக்கறதுக்கு எதுக்கு முறை? சும்மா வந்து பாரு."

வெயில் தாழ்ந்ததும் அவள் போய்ப் பார்த்தாள். அது கீழைக்காட்டின் முறை. ஆனால் கீழைக்காட்டில் யார் இருக்கிறார்கள்? மந்திகள் கிளையில் தொங்கிக்கொண்டே ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஏறிவிட்டன. கீரி கரையில் நின்று நக்கியது. கரடி தோல்வித் துக்கத்தில் வரவே இல்லை. மடுவுக்குள் ஒரு கால்கூட இறங்கவில்லை. காலையில் கலங்கிய சேறெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தேத்தாங்கொட்டை தேய்த்த குடத்துத் தண்ணீராகத் தெளிந்து கிடந்தது.

பூவாத்தா அங்கிருந்து நேராக வெள்ளிங்கிரியிடம் ஓடினாள். சருகுமான் ஓடியதை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

வெள்ளிங்கிரிக்கு வேலை தயாராக இருந்தது. கரடி நாச்சிமுத்துவுக்கு ஞானம் பிறந்திருந்தது: பத்து பேரை அவுட்டாக்கிய முள்ளம்பன்றி சடையப்பன் உடனே வேண்டுமாம். அந்தப் பக்கம் ரங்கசாமிக்கும் தூக்கம் போயிருந்தது. கணக்கெடுத்துப் பார்த்ததில் தன் காட்டில் கடைசி ஓவர் போட ஒருவன்கூட இல்லை. காளிங்கன் திரும்ப வேண்டுமாம். வெள்ளிங்கிரி துண்டை உதறி விரித்தார். கணக்கு இரண்டு என்று வந்தது. இந்த முறை காளிங்கனை வாங்குகிறவர் ரங்கசாமி. மாற்றாகச் சடையப்பன். கொசுறு?

"நானுங்க," என்றது ஒரு சருகு.

கரடிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. ஓடையைத் தாண்டி வரும்போது கீரியின் காதில் கிசுகிசுத்தார்: "நம்மளத் தோக்கடிச்ச ஆட்டக்காரியவே கொசுறாப் புடிச்சுட்டேன் பாத்தியா? ரங்கசாமி ஏமாந்த பய!"

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் பூவாத்தாவும் குட்டியும் மடுக்கரையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வரிசையே இல்லை. குட்டி குனிந்தது. குனிந்த வேகத்தில் பயந்து பின்வாங்கி அம்மாவின் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது.

"அம்மா, உள்ள ஒரு குட்டி இருக்குது. என்னையவே பாக்குது."

பிறந்ததிலிருந்து அது தெளிந்த தண்ணீரையே பார்த்ததில்லை, மழைக்காலத்திலும் ஓடை கலங்கித்தான் ஓடும். பூவாத்தா அதை மூக்கால் மெல்ல முன்னே தள்ளினாள். "அது நீதாங் கண்ணு. குடி," என்றாள். குட்டி வயிறு முட்டக் குடித்தது.

அப்போது கரடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "பூவாத்தா, நீ ஆட்டம் தெரிஞ்சவ. அடுத்த வருசமாவது நாம ஜெயிக்கோணும். காலைத் தண்ணி நம்முளுக்கு வேணும். என்ன பண்ணலாம், சொல்லு."

பூவாத்தா மடுவைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். இன்னும் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக யோசித்த முகத்தோடு சொன்னாள்:

"கடைசி ஓவருக்கு ஆள் பத்தலைங்க தலைவரே. காளிங்கனத் திரும்பக் கூட்டியாந்துருங்க. மாத்தாச் சடையப்பனக் குடுத்துரலாம்."

"அதான பாத்தேன்!" என்று கரடி துள்ளி எழுந்தார். பிறகு தயங்கினார். "கொசுறுக்கு யாரு இருக்கா?"

கரையில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்த கீரி பொன்னுரங்கம் பக்கம் பூவாத்தா மெல்லத் திரும்பினாள்.

நீதி: ஜெயிக்கிற பக்கம் கூட்டம் அதிகம். தோற்கிற பக்கம் போய் நில். தோற்பது எதனால் என்று தலைவருக்கு மட்டும் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்.